ஐம்பத்தாறு நாட் பேரும் ஒரு சோடிச் சப்பாத்தும்



எங்கள் மாதர் சங்கத்தின் கடன் விண்ணப்பப் படிவத்தில் 'கடன் பெறும் நோக்கம்' என்று ஒரு வரி இருக்கிறது. தையல் மெசின், கோழிக்குஞ்சு, கூரைத் தகடு, பிள்ளையின் ரியூசன் காசு என்று அந்த வரியில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். சங்கத்தில் எழுத்து வேலை தெரிந்தவள் என்று மற்றவர்களுக்கும் நானே எழுதிக் கொடுப்பதுண்டு. சென்ற வருடம் மாசி மாதம் எனக்கென்று ஒரு படிவத்தை எடுத்து வைத்தபோது அந்த வரியில் பேனா நின்றுவிட்டது. "ஒரு சோடிச் சப்பாத்து வாங்குவதற்கு" என்று எழுத வேண்டும். தொகை எழுபத்தையாயிரம் ரூபா.

சப்பாத்து எனக்கல்ல, மகளுக்கு. அவள் 2008ஆம் ஆண்டு கிளிநொச்சியில் பிறந்தவள். அவளுடைய தகப்பன் 2009இல் எங்களோடு வந்து சேரவில்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே விட்டபோது போவதற்கு வீடு இல்லாததால், என் தாய் பிறந்த ஊரான மாத்தளைக்கு, றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் மாமாவிடம் வந்தோம். 1977 கலவரத்தில் அம்மாவும் அப்பாவும் விட்டுவிட்டு ஓடிய அதே தோட்டம். அவர்கள் வன்னிக்கு ஓடினார்கள், நான் வன்னியிலிருந்து ஓடி வந்தேன். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் ஓட்டம் என்ற சொல்லுக்கு முதலில் மனதில் வரும் கருத்து விளையாட்டு அல்ல என்பது எனக்குத் தெரியும். கைக்குழந்தையோடு ஓடிய அந்தச் சித்திரை மாதத்தில் ஒரு காலில் மாத்திரம்தான் செருப்பு இருந்தது என்பதை முகாமில் வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன்.

இன்னும் பின்னால் போனால், எங்கள் பூட்டன் பூட்டிமார் தமிழகத்திலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ள கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். கொலராவும் காய்ச்சலும் பசியுமாக அந்த வழியில் செத்துப் போனவர்களுக்குக் கணக்கில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிறபோதெல்லாம், இங்கே வந்து சேர்ந்தவர்களின் பாதம் எப்படி இருந்திருக்கும் என்று நினைப்பேன். அப்படிப்பட்ட வம்சத்தில் ஒருத்தி எழுபத்தையாயிரம் ரூபா சப்பாத்துக்கு ஆசைப்படுகிறாள் என்றால் சிரிப்பதா அழுவதா?

மகள் பாடசாலையில் 1500 மீற்றரும் 3000 மீற்றரும் ஓடுகிறாள். வலய மட்டத்தில் வென்று மாகாண மட்டம் வரை போயிருக்கிறாள். அவளுடைய விளையாட்டு டீச்சர் நல்ல மனுஷி, பிள்ளைகளுக்காகத் தன் கைக்காசு செலவழிப்பவர். அவர்தான் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அக்கா, இப்ப ஓடுற பிள்ளைங்க எல்லாம் காபன் தகடு வச்ச சப்பாத்து போடுறாங்க. நம்ம பிள்ளை கன்வஸ் சப்பாத்தோட நின்னா எப்படி? அது இருந்தா பத்துப் பதினைஞ்சு செக்கன் குறைக்கலாம்" என்றார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கேட்டிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

விலையை நம்மவர்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். இந்த ரகச் சப்பாத்துகள் அமெரிக்காவில் சுமார் 250 டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா போட்டால் 75,000. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கூலிக்குக் கணக்குப் பார்த்தால் ஐம்பத்தாறு நாட் பேர். சாப்பிடாமல், மழைக்கு அரைப்பேர் விழாமல், ஐம்பத்தாறு நாள் மலை ஏறினால் ஒரு சோடி.

நான் உயர்தரம் வரை படித்தவள். எதையும் விசாரிக்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது என்பதைக் கடன் கொடுக்க வீடு தேடி வந்த கம்பனிகளிடம் பாடமாகப் படித்தவளும்கூட. ஆகவே படிவத்தை மடித்து வைத்துவிட்டு, மாமாவின் மகனுடைய கைபேசியை வாங்கி மூன்று வாரம் தேடித் தேடி வாசித்தேன். புரியாத ஆங்கிலத்தை அவன் வாசித்துச் சொன்னான். அறிந்ததை எழுதுகிறேன். ஓடுகிற பிள்ளை உள்ள எந்தத் தாய்க்காவது உதவும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் உடம்பின் பாரம் முழுவதும் சப்பாத்தை அமுக்குகிறது. அமுக்கிய சக்தியில் ஒரு பகுதி திரும்பக் காலுக்குக் கிடைக்கிறது, மிகுதி வீணாகிறது. பஞ்சு மெத்தையில் குதித்தால் அமிழ்ந்து போகிறோம், சுருள்கம்பி மெத்தையில் குதித்தால் அது நம்மை மேலே தூக்குகிறது அல்லவா? பழைய ஓட்டச் சப்பாத்துகளின் நடுப்பகுதி பஞ்சு மெத்தை மாதிரி. புதியவற்றில் 'பீபா' எனப்படும் ஒரு நுரை, மிகவும் பாரம் குறைந்தது, தடிப்பாக வைக்கலாம். 2017இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது அமுக்கிய சக்தியில் நூற்றுக்கு 87 பங்கை இந்த நுரைச் சப்பாத்து திருப்பிக் கொடுத்தது. ஒப்பிட்ட பழைய சப்பாத்து ஒன்று ஏறத்தாழ 66 பங்கு. நுரைக்குள்ளே வளைத்து வைத்த காபன் தகடு ஒன்றும் உண்டு. பெயர் பெற்றதென்னவோ தகடுதான். ஆனால் பின்னர் தகட்டை வெட்டிவிட்டுச் சோதித்தவர்கள், நன்மையில் பெரிதாக ஒன்றும் குறையவில்லை என்று கண்டார்கள். வேலை செய்வது பெரும்பாலும் நுரைதான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாமி இருபத்தைந்து வருடம் இறப்பர் பால் வெட்டியவர். விடியற்காலையில் அட்டை கடிக்கக் கடிக்க மரத்துக்கு மரம் ஓடியவர். "சப்பாத்து செய்றதுக்குத்தானே நம்ம பாலு போகுது?" என்று கேட்டார். இந்தச் சப்பாத்தில் நிலத்தில் படுகிற மெல்லிய அடித்தோல் மாத்திரமே இறப்பர், துள்ளுகிற பகுதி தொழிற்சாலையில் செய்த பிளாஸ்திக் நுரை என்று சொன்னேன். மாமிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்தக் கொலராடோ ஆய்வில் ஓட்டத்துக்குச் செலவாகும் சக்தி சராசரியாக 4 வீதம் குறைந்தது. சப்பாத்தின் பெயரே 'வேப்பர்ஃபிளை 4 வீதம்' என்றுதான் 2017இல் கடைக்கு வந்தது. ஆய்வுக்கு உதவியதும் அதைச் செய்த நைக்கி கம்பனிதான். எனினும் பிற்பாடு வேறு இடங்களில் நடந்த சோதனைகளும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. கடைக்கு வரும் முன்னரே, 2016 றியோ ஒலிம்பிக் ஆண்கள் மரதனில் முதல் மூன்று இடங்களையும் பெற்றவர்களின் காலில் இதன் மாதிரிச் சப்பாத்து இருந்தது. பக்கத்தில் ஓடியவர்களுக்கு அது தெரியாது. போட்டி என்ற சொல்லுக்கு நான் கற்ற பொருளோடு அது ஒத்துப் போகவில்லை.

பெண்கள் மரதனில் இங்கிலாந்தின் போலா றட்கிளிஃப் 2003இல் வைத்த 2 மணி 15 நிமிடம் 25 செக்கன் என்ற சாதனையைப் பதினாறு வருடம் யாராலும் தொட முடியவில்லை. 2019இல் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கெய் புதிய சப்பாத்தோடு 2:14:04 ஓடினார். 2023இல் எத்தியோப்பியாவின் திக்ஸ்ட் அசெஃபா பேர்லினில் 2:11:53. அவர் போட்டிருந்த அடிடாஸ் சப்பாத்து ஒன்றின் பாரம் 138 கிராம், விலை 500 டொலர். முதலில் விற்பனைக்கு விட்டது 521 சோடிகள். ஒரு மரதனுக்கு என்றே செய்தது. ஒருநாள் ஓடிவிட்டுக் கழற்றி வைக்கிற சப்பாத்துக்கு ஒன்றரை இலட்சம்! அடுத்த வருடம் கென்யாவின் றூத் செப்ங்கெட்டிச் சிக்காகோவில் 2:09:56 ஓடி, இரண்டு மணி பத்து நிமிடத்துக்குள் மரதனை முடித்த முதல் பெண்ணானார். 2025இல் அவருக்கு ஊக்கமருந்துக் குற்றத்துக்காக மூன்று வருடத் தடை விதிக்கப்பட்டது. சோதனையில் அகப்பட்ட மாதிரி சிக்காகோவுக்குப் பிந்தியது என்பதால் அந்தச் சாதனை அழிக்கப்படவில்லை. இப்படியான காலத்தில் ஒரு நேரத்தைக் கேள்விப்பட்டால், இது கால் ஓடியதா, சப்பாத்து ஓடியதா, மருந்து ஓடியதா என்ற சந்தேகம் முதலில் வருகிறது. பாவம், நேர்மையாக ஓடுகிற பிள்ளைகளுக்கும் அந்தச் சந்தேகம்தான் பரிசு.

ஆனாலும் நன்மையை மறைக்கக்கூடாது. முன்னணி ஓட்டக்காரர்களின் நேரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில், இச்சப்பாத்தால் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக நேரம் குறைந்திருக்கிறது. இதை வாசித்தபோது எனக்குள் ஒரு சந்தோசம் வந்ததை ஒளிக்க மாட்டேன். 1928 ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று கதை கட்டி, 1960 வரை அந்தப் போட்டியையே பெண்களுக்கு இல்லாமல் செய்தார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக் மரதன் கிடைத்தது 1984இல்தான். அவ்வளவு காலம் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வந்த பிறகு "எளிமையாக ஓடு" என்று பெண்ணுக்கு உபதேசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எல்லோருக்கும் ஒரேமாதிரி நன்மை கிடைப்பதுமில்லை. 2023இல் வெளியான ஒரு ஆய்வில் ஏழு கென்ய ஓட்டவீரர்களைப் பழைய சப்பாத்திலும் புதியதிலும் ஓடவிட்டார்கள். ஒருவருக்குப் பதினொரு வீதத்துக்கு மேல் நன்மை. இன்னொருவருக்கு அதேயளவு நட்டம். மெதுவாக ஓடுபவர்களுக்கு, அதாவது மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் போகிறவர்களுக்கு, நன்மை சுமார் ஒரு வீதம்தான் என்று வேறொரு ஆய்வு. என் மகள் 3000 மீற்றரைப் பன்னிரண்டு நிமிடமளவில் ஓடுகிறாள், மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர். அவளுக்கு இரண்டு வீதம் கிடைத்தால் பதினான்கு செக்கன். டீச்சர் சொன்னது பொய்யல்ல. மாகாணப் போட்டியில் பதினான்கு செக்கன் என்பது பதக்கத்துக்கும் பெயரில்லாமல் போவதற்கும் உள்ள தூரம். கொழும்புக்கு பஸ் ஏறுவதா வேண்டாமா என்பது அதில்தான் இருக்கிறது.

அதன் பிறகுதான் விதியை வாசித்தேன். உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 2020ஆம் ஆண்டு ஜனவரி கடைசியில் புதிய கட்டுப்பாடுகளை அறிவித்தது. வீதி ஓட்டத்தில் சப்பாத்தின் அடித்தடிப்பு 40 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது, உள்ளே ஒரு தகடுதான் இருக்கலாம். மைதான ஓட்டங்களுக்கு அதைவிடக் குறைவு. 2024 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து எல்லா மைதான ஓட்டங்களுக்கும் 20 மில்லிமீற்றர்தான் எல்லை. டீச்சர் காட்டிய சப்பாத்து வீதிக்குரியது, 40 மில்லிமீற்றர் கிட்டத் தடிப்பு. என் பிள்ளை ஓடுவதோ மைதானத்தில். அந்த விதிப்படி பார்த்தால், நான் கடன்பட்டு வாங்க இருந்த பொருளை அவள் தன்னுடைய போட்டியில் போடவே முடியாது.

டீச்சருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. பாவம், யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனால் சப்பாத்தை வரவழைத்துத் தருவதாகச் சொன்ன கடைக்காரர் சிரித்தார். "தங்கச்சி, இங்க யாரு அடிமட்டம் கொண்டு வந்து அளக்கப் போறாங்க?" அவர் சொன்னதும் ஒருவேளை உண்மையாக இருக்கலாம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அளக்க மாட்டார்கள் என்பதற்காகப் போடலாமா என்பதல்ல என்னை வாட்டியது. அளக்காத இடத்தில் மற்றத் தாய்மார் போட்டுவிட்டிருந்தால் என் பிள்ளை என்ன செய்வாள் என்பதுதான்.

சப்பாத்துச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. 1957இல் யூரி ஸ்டெபனோவ் என்ற சோவியத் வீரர் ஒரு காலில் தடித்த அடியுள்ள சப்பாத்துப் போட்டு உயரம் பாய்ந்து உலக சாதனை வைத்தார். பெரிய சர்ச்சை எழுந்து, சப்பாத்தின் தடிப்புக்கு எல்லை போட்டார்கள். அடுத்த வருடம், 1958இல், டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நமது யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது.

அதே டோக்கியோவில் 1964 ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தைப் பற்றி என் அப்பா அடிக்கடி சொல்வார். நமது நாட்டின் றணதுங்க கருணானந்த உடல்நலமில்லாமல் பின்தங்கி, எல்லோரும் முடித்த பிறகு தனியாக மிகுதிச் சுற்றுகளை ஓடினார். முதலில் சிரித்த சனம் கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது. தன் சின்ன மகள் வளர்ந்த பிறகு, அப்பா கடைசிவரை ஓடினார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஓடியதாக அவர் சொன்னாராம். அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை நான் இப்போது வாசித்தேன். அதே ஓட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் பில்லி மில்ஸ் இரவல் சப்பாத்தோடு ஓடியவர். புதுச் சப்பாத்து பதக்கம் பெறக்கூடியவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்களாம், அவரே பின்னர் சொன்ன கதை. முதலாவதாக வந்தவருக்கும் சப்பாத்துக் கொடுக்க ஆளில்லாத ஓட்டம்.

வெறுங்காலோடு 1960இல் றோமில் மரதன் வென்ற எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலாவை எல்லோரும் புகழ்கிறார்கள். 1964இல் அவர் சப்பாத்துப் போட்டு ஓடி, மூன்று நிமிடத்துக்கு மேல் விரைவாக முடித்து மறுபடியும் வென்றார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஏழையின் வெறுங்கால் பார்ப்பவர்களுக்கு அழகாக இருக்கிறது. நானும் வன்னியில் இல்ல விளையாட்டுப் போட்டியில் வெறுங்காலோடு ஓடி வென்றவள்தான். கிறவல் மண்ணில் கொப்புளம் உடைந்து, ஒரு கிழமை செருப்புப் போட முடியாமல் கிடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை.

இதையே எங்கள் சங்கத்தில் ஒரு சகோதரி இன்னும் காரமாகச் சொன்னார். அவர் முல்லைத்தீவுப் பக்கம் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். கல்யாணம் செய்து இங்கே வந்திருக்கிறார். ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார். 1960களின் கடைசியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய இறப்பர்ப் பாதம் அது. சப்பாத்து இல்லாமலும் நடக்கலாம், குந்தலாம், வயலில் இறங்கலாம் என்பது அதன் சிறப்பு. "அக்கா, எனக்கு றப்பர்க் கால் தரேக்க இது நியாயமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இல்லாத பிள்ளைக்கு நல்லது ஒண்டு வரேக்க மட்டும் ஏன் நியாயம் பேசிறியள்? பணக்காரப் பிள்ளையள் போடேக்க நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. காபன் கால் போட்டு ஓடிய தென்னாபிரிக்காவின் ஒஸ்கார் பிஸ்டோரியஸை 2008இல் முதலில் தடை செய்து, பின் விளையாட்டு நீதிமன்றம் அனுமதித்த வழக்கு எனக்கு ஞாபகம் வந்தது. நடப்பதற்குக் கொடுக்கும்போது எல்லோரும் புண்ணியம் என்கிறார்கள். வெல்லத் தொடங்கினால்தான் அளவுகோலை எடுக்கிறார்கள்.

திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்துவின் கதையும் நினைவுக்கு வந்தது. 2019இல் கட்டாரில் ஆசியப் போட்டியில் 800 மீற்றர் தங்கம் வென்றபோது அவர் காலில் இருந்தவை சோடி பொருந்தாத, நிறம் வேறான இரண்டு சப்பாத்துகள். கிழிந்த சப்பாத்தோடு ஓடினாள் என்று ஊரெல்லாம் இரங்கியது. அவரோ அது தனக்கு ராசியான சப்பாத்து என்றார். ஊக்கமருந்துச் சோதனையில் தவறி, அந்தத் தங்கம் 2020இல் பறிபோய், நான்கு வருடத் தடையும் வந்தது. தான் தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். ஏழைப் பெண் ஓட்டக்காரிக்கு என்ன சாப்பாடு, என்ன மருந்து, என்ன சப்பாத்து கொடுக்கிறார்கள் என்று அக்கறையோடு பார்க்க ஆள் வேண்டும். அதைத்தான் அந்தக் கதை எனக்குச் சொல்கிறது.

சாப்பாடு என்றதும் தாய்மார் கவனிக்க வேண்டிய ஒன்று. இந்தச் சப்பாத்து போட்டவர்களில் ஐந்து பேருக்குப் பாதத்தின் நடுவிலுள்ள படகு போன்ற சிற்றெலும்பில் அழுத்தக் காயம் வந்ததை 2023இல் வைத்தியர்கள் எழுதினார்கள். ஐந்து பேரை வைத்துச் சப்பாத்துதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் நம் பிள்ளைகளின் எலும்பு எப்படிப்பட்டது? கடுமையாகப் பயிற்சி செய்து, போதாமல் சாப்பிடுகிற பெண்பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப் போகும், நின்றும் போகும். சில பயிற்றுநர்கள் அதைத் தொந்தரவு விட்டது என்று நினைக்கிறார்கள். அது உடம்பு பட்டினி கிடக்கிறது என்பதற்கு அடையாளம். அந்த நிலையில் எலும்பு பலவீனமாகும். மூன்று மாதம் வராவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். என் மகளுக்கும் இரண்டு மாதம் தவறியது. இரத்தத்தைச் சோதித்தபோது இரும்புச்சத்தும் குறைவு. வெறும் தேத்தண்ணீரோடு விடியற்காலை ஓட விட்ட என் தலையில்தான் அந்தக் குற்றம்.

ஆகவே படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சீட்டுக் காசில் உள்ளூரில் செய்த சாதாரண ஓட்டச் சப்பாத்து ஒன்று, காலுக்கு அளவு பார்த்து வாங்கினேன். ஓடும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை இரண்டு. நம் பெண்பிள்ளைகள் பருவமடைந்ததும் ஓட்டத்தை விட்டுவிடுவதற்குச் சப்பாத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன், வெட்கத்தில் யாரும் சொல்வதில்லை. குரக்கன், கௌபி, நெத்தலி, முட்டை.

கதை அதோடு முடியவில்லை. கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் விசயம் கேள்விப்பட்டு, தான் இரண்டு மரதன் ஓடிய காபன் சப்பாத்தை ஒருவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். அரை அளவு பெரிது. இந்த நுரை சில நூறு கிலோமீற்றரில் துள்ளல் குறைந்துவிடும் என்று படித்திருந்தேன், என்றாலும் மகள் அதைப் போட்டு முற்றத்தில் நின்றபோது முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் 'மரதன்' வைத்தார்கள். பத்துக் கிலோமீற்றர் ஓடினாலும் நமது ஊரில் அதற்கு மரதன்தான். உண்மையான மரதன் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும். வீதி ஓட்டம் என்பதால் சப்பாத்துக்கும் தடையில்லை.

முதல் வருடம் நான்காவதாக வந்தவள் இம்முறை இரண்டாவது. பரிசு ஒரு றைஸ் குக்கர். "அம்மா, காலு தானாப் போகுதும்மா" என்றாள். ஆனால் றத்தோட்டை வீதி கொழும்பு வீதியல்ல. இறக்கமும் வளைவுமாக இருக்கிற இடத்தில் அந்த உயரமான நுரை ஆடியிருக்கிறது, இரண்டு தடவை கணுக்கால் மடங்கப் பார்த்ததாம். மறுநாள் கெண்டைக்காலும் பாதமும் வலி. படம் எடுத்துப் பார்த்ததில் முறிவில்லை. இரண்டு வாரம் ஓடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சப்பாத்தாலா, அளவு பெரிதானதாலா, பழக்கமில்லாமல் ஒரேயடியாகப் பத்துக் கிலோமீற்றர் ஓடியதாலா என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாகாணப் போட்டியில் 3000 மீற்றரைச் சாதாரணச் சப்பாத்தோடு ஓடி ஆறாவது வந்தாள். மூன்றாவது வந்த பிள்ளைக்கும் இவளுக்கும் பதினொரு செக்கன். முன்னால் போன பிள்ளைகள் சிலரின் காலில் விதிக்குட்பட்ட, 20 மில்லிமீற்றருக்குள் அடங்கிய, புதிய நுரை வைத்த ஸ்பைக்ஸ் இருந்தன. அதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பிள்ளைகளும் விடிய எழும்பி ஓடியவர்கள்தான். ஆனாலும் அந்தப் பதினொரு செக்கனை நான் இரவில் எண்ணிப் பார்ப்பதுண்டு.

உலகப் போட்டிகளில் எல்லோருக்கும் கம்பனிகள் சப்பாத்துக் கொடுக்கின்றன, அங்கே எல்லை வகுத்து வைத்தால் போதும், ஓடட்டும். பாடசாலைப் போட்டி வேறு. அங்கே பெற்றோரின் மடிதான் கம்பனி. பாடசாலை மட்டத்தில் இன்ன தடிப்புக்குமேல், தகடு வைத்தது கூடாது என்று ஒரு வரி எழுதி, ஒரு அடிமட்டத்தையும் கொடுத்தால் எத்தனை தாய்மாரின் கடன் மிஞ்சும்! கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குப் பாதணி வவுச்சர் கொடுத்த நாடு இது. ஓடுகிற பிள்ளைக்கு அதோடு இன்னொரு சோடியும் கொடுக்கலாம். இப்படிச் சொன்னபோது அந்த ஜெய்ப்பூர் கால் சகோதரி ஒத்துக்கொள்ளவில்லை. "தடுக்கிறதை விட எல்லாருக்கும் குடுக்கச் சொல்லுங்கோ" என்கிறார். நாங்கள் இன்னும் அதில் இணங்கவில்லை.

2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோருக்கான ஆசியப் போட்டியில், முல்லைத்தீவைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன் ஓட்டத்திலும் வேகநடையிலும் இரண்டு தங்கம் வென்று வந்தார். அவருடைய படத்தைப் பத்திரிகையில் வெட்டி மகள் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். "அம்மா, எனக்கு இன்னும் அம்பது வருசம் இருக்கு" என்கிறாள்.

கனடாச் சப்பாத்து பெட்டியில் இருக்கிறது. அடுத்த சித்திரைக்கு முன், பஞ்சு வைத்து அளவைச் சரி செய்து, மெதுவாகப் பழகிப் போடலாமா என்று டீச்சரிடம் கேட்க வேண்டும். இப்போது மழைக்காலம். மற்றச் சோடி தினமும் சேற்றோடுதான் வருகிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து அடுப்படியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். காலை ஐந்து மணிக்குள் காய வேண்டும்.